படுக்கையை நனைக்கும் பிள்ளை: மலையகத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் 14 வருடமாக முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் மூத்த மகன் 9 வயது வரை பாயை நனைத்தவன். கீழே உள்ள கேள்விகளில் பாதி, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் அந்த நாளில் நானே மனதில் வைத்துக்கொண்டிருந்தவை. மற்றப் பாதி, பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார் மற்றவர்கள் போகும் வரை வாசலில் காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவை. மருத்துவ விஷயங்களை மகனைக் குழந்தை வைத்திய நிபுணரிடம் கூட்டிப்போய் வந்த காலத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். வைத்தியரிடம் எப்போது போக வேண்டும் என்பதும் கீழே இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஆறு வயது முடிந்துவிட்டது. இன்னும் வாரத்தில் நாலைந்து நாள் நனைக்கிறான். இது நோயா?

பெரும்பாலும் இல்லை. 5 வயதில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். 7 வயதில் 5 முதல் 10 பேர். 15 வயதிலும் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். உங்கள் மகனின் வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால், ஈரப் பாயில் கண் விழித்துவிட்டுப் பள்ளிக்கு வந்தவர்கள் அவனைத் தவிர இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடும். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு.

5 வயதுக்கு முன்னால் இதை ஒரு பிரச்சினையாகவே வைத்தியர்கள் எடுப்பதில்லை. அதற்குப் பிறகும், நனைக்கிற பிள்ளைகளில் 100க்கு 15 பேர் வீதம் ஒவ்வொரு வருடமும் தானாகவே நின்றுவிடுகிறார்கள். அதற்காக "தானா சரியாகிடும்" என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. அந்த வருடங்களைப் பிள்ளை எப்படிக் கழிக்கிறது என்பதும் முக்கியம்.

உலுக்கி எழுப்பினாலும் எழும்புவதில்லை. ஏன் இப்படி?

மூன்று காரணங்கள், பல பிள்ளைகளிடம் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும்.

இரவில் நம் மூளை வாசோபிரெசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். "ராத்திரியில் கொஞ்சமாகச் சிறுநீர் சேர்த்தால் போதும்" என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹார்மோன் அது. சில பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் பிந்தித்தான் வரும். அவர்களுக்கு இரவிலும் பகலைப் போலவே சிறுநீர் சேரும்.

அடுத்தது சிறுநீர்ப் பை. பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால், அது எத்தனை மில்லிலீற்றர் தாங்க வேண்டும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 7 வயதுப் பிள்ளைக்கு 240. ஒரு பெரிய கிளாஸ் தேத்தண்ணி அளவுதான். அதைவிடக் குறைவாகத் தாங்குகிற பிள்ளைக்கு விடியும் வரை இடம் போதாது.

மூன்றாவது, நீங்கள் பார்ப்பதுதான். பை நிறைந்துவிட்டது என்ற செய்தி போகிறது, தூங்குகிற மூளை அதற்கு எழும்புவதில்லை. பிள்ளை சோம்பலில் படுத்திருக்கவில்லை, பிடிவாதத்தில் செய்யவும் இல்லை. ஈரம் குளிரும்போதுதான் அதற்கே தெரியவருகிறது.

இது பரம்பரையாகவும் வரும். தாய் தகப்பனில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 40க்கு மேல். இருவருக்கும் இருந்திருந்தால் 70க்கும் மேல். என் மகனுக்கு எட்டு வயது நடக்கும்போது, ஒரு நாள் காலையில் அவன் இஸ்தோப்பின் (வாசல் திண்ணையின்) மூலையில் ஈரக் காற்சட்டையோடு சுவரைப் பார்த்து நின்றான். அவன் அப்பா பக்கத்தில் போய்க் குந்தி, "மகன், நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் நனைச்சேன், ஒங்க பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க" என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் என்னிடமே சொல்லாத விஷயம் அது. பிள்ளை திரும்பி அவர் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்றிரவும் நனைத்தான்தான். ஆனால் அதற்குப் பிறகு மூலையில் போய் நிற்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்திருந்தால் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு அடி போட்டால் பயத்தில் நின்றுவிடும் என்கிறார்களே?

நிற்காது. தூக்கத்தில் தெரியாமல் நேர்வதை அடியால் திருத்த முடியாது. அடி வாங்கிய பிள்ளை பயந்துகொண்டு படுக்கும், ஈரத் துணியைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கும், பொய் சொல்லப் பழகும். ஈரத் துணியைத் தலையில் போட்டு வாசலில் நிறுத்துவது, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) பிள்ளைகளுக்கு முன்னால் பெயர் வைத்துக் கூப்பிடுவது, சூடு வைத்துவிடுவேன் என்று கரண்டியைக் காட்டுவது எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். நானும் இரண்டு தடவை கை நீட்டியிருக்கிறேன். விடிந்தால் தேயிலை மலைக்குப் போக வேண்டும், பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் பிந்தினால் பேர் (அன்றைய நாள் சம்பளம்) கிடைக்குமோ கிடைக்காதோ, அந்த அவசரத்தில் ஈரப் பாயைக் கண்டால் கோபம் வருவது எனக்குப் புரியும். அந்தக் கோபத்தைப் பிள்ளைமேல் காட்டியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ராத்திரியில் தண்ணீரே கொடுக்காமல் விட்டால் போதாதா?

இதற்குத்தான் நான் அதிகம் பேச வேண்டும். இரவில் நனைகிற படுக்கைக்கு வேலை செய்ய வேண்டிய நேரம் பகல்.

உங்கள் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் ஒரு பிளேன்டீ, பாதி ரொட்டி, ஓட்டம். பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் இருக்கும், தண்ணீர் வராது. கதவு இருக்கும், கொக்கி இருக்காது. பெண் பிள்ளைகள் உள்ளே போகவே மாட்டார்கள். போகாமல் இருக்க ஒரே வழி குடிக்காமல் இருப்பது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும். கொடுத்துவிட்ட தண்ணீர்ப் போத்தல் அப்படியே திரும்பி வரும். இரண்டு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்ததும் தாகம். நாலு மணிக்கு ஒரு தேத்தண்ணி, அம்மா மலையிலிருந்து வந்ததும் அவரோடு ஒன்று, குளிருக்கு ஏழு மணிக்கு ஒன்று, சாப்பிட்டபின் இன்னும் ஒன்று. ஒரு நாள் குடிக்க வேண்டியதெல்லாம் நாலு மணி நேரத்துக்குள் உள்ளே போகிறது. பிறகு ஒன்பது மணிக்குப் பாயில் படுக்கிறது.

நம் வீடுகளில் தேத்தண்ணி குடிக்காத பிள்ளை கிடையாது. நாம் பறிக்கும் கொழுந்தில் கஃபீன் இருக்கிறது. அது சிறுநீரைத் தூண்டும், தூக்கத்தையும் கெடுக்கும். சாப்பாட்டோடு குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதையும் குறைக்கும், அது வேறு. கோலாவிலும் சொக்லட்டிலும்கூடக் கஃபீன் உண்டு. பிள்ளையின் தேத்தண்ணியை மாலை நாலு மணியோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு வெந்நீர் கொடுங்கள். குளிருக்குக் கையில் சூடாக ஒரு கோப்பை வேண்டும் என்பதுதான் பிள்ளையின் ஆசை, அதில் சாயம் வேண்டுமென்றில்லை. முதல் மூன்று நாள் அழுவார்கள். எங்கள் வீட்டில் என் மாமியாரும் இரவுத் தேத்தண்ணியை விட்டுவிட்டு அவனோடு வெந்நீர் குடித்தார். அது பெரிய உதவி.

தண்ணீரை மொத்தமாகக் குறைக்காதீர்கள். 7 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் வரை தேவை. குறைத்தால் சிறுநீர்ப் பை சிறிய அளவுக்கே பழகும், மலச்சிக்கலும் வரும். நேரத்தை மாற்றுங்கள். எழும்பியதும் ஒரு கிளாஸ், பள்ளிக்குப் போகுமுன் ஒன்று, பள்ளியில் ஒரு போத்தல், வந்ததும் இரண்டு. படுக்கைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும். இடைவேளைக்கு ஒரு தடவையாவது ஒன்றுக்குப் போய் வரும்படி சொல்லி அனுப்புங்கள். பகலில் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை போக வேண்டும். அடக்கி அடக்கி வைத்த பை இரவிலும் சரியாக வேலை செய்யாது.

வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். "பிள்ளை கேட்டால் வெளியே விடுங்கள் ரீச்சர்" என்ற ஒரு வார்த்தை போதும், இரவு விஷயத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நானும் ஆசிரியைதான். எந்த ஆசிரியையும் இதற்கு மறுப்புச் சொல்லக் கூடாது.

மலச்சிக்கலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மலக்குடலும் சிறுநீர்ப் பையும் பக்கத்துக் காம்பரா (அறை) மாதிரி. ஒன்று வீங்கினால் மற்றதற்கு இடமில்லை. கட்டிப்பட்ட மலம் பையை அழுத்தும், நிறையும் முன்பே அவசரத்தைக் கொடுக்கும். படுக்கையை நனைக்கிற பல பிள்ளைகளுக்கு இது இருக்கிறது, பெற்றோருக்குத் தெரிவதில்லை. எட்டு வயதுப் பிள்ளை வெளிக்குப் போவதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?

என் மகனை ஏழு வயதில் முதன்முதலாகக் காட்டிய இடத்தில், "வளர வளரச் சரியாகும்" என்று சொல்லி ஒரு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும் இல்லை, எத்தனை நாளுக்கொரு தடவை வெளிக்குப் போகிறான் என்று கேட்கவும் இல்லை. ஒரு வருடம் கழித்து வேறொரு வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்த கையோடு கேட்ட முதல் கேள்வியே அதுதான். நாலு நாளைக்கு ஒரு தடவை என்று மகன் சொன்னபோது எனக்குத் தலை குனிந்தது. மலத்தை இளக்கும் பாணி மருந்தைச் சில மாதம் கொடுத்தோம். நனைக்கும் நாட்கள் பாதியாகக் குறைந்தன, அலாரமும் இல்லாமல், மாத்திரையும் இல்லாமல்.

வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைவு, ஆட்டுப் புழுக்கை போல மலம், காற்சட்டையில் கறை, போகும்போது வலி: இதில் ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி என்றால் குடலுக்கு எதுவும் கிடைப்பதில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள தோட்டத்தில் போடும் கீரை, பீன்ஸ், பப்பாசி, வாழைப்பழம் எது கிடைத்தாலும் தினமும் ஒன்று சேரட்டும். காலை அவசரத்தில் பிள்ளைகள் அடக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். மாலையில் சாப்பிட்டபின் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காரப் பழக்குங்கள்.

கக்கூஸ் லயத்துக்கு வெளியே இருக்கிறது. ராத்திரியில் பிள்ளை போகப் பயப்படுகிறது.

பயப்படத்தான் செய்யும். மழை, அட்டை, வழுக்குகிற படி, வெளிச்சமில்லாத பாதை. தேயிலைக்குள் சிறுத்தை நடமாடுகிற பகுதி நம்முடையது, நாய்களைப் பிடித்துக்கொண்டு போகிற கதையைக் கேட்டு வளர்கிற பிள்ளை இருட்டில் இறங்குமா? அரைத்தூக்கத்தில் எழும்புகிற பிள்ளையும் வெளியே போக வேண்டுமே என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிடும்.

மூடியுள்ள ஒரு சிறிய வாளியைக் காம்பராவின் மூலையில் வையுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர். ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டிவிடுங்கள், ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு அது தேவை. தலைமாட்டில் ஒரு சிறிய டோர்ச். காலையில் கொண்டுபோய் ஊற்றிக் கழுவிவிடலாம். "இவ்வளவு பெரிய பிள்ளைக்கு வாளியா" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

படுக்குமுன் இரண்டு தடவை போகச் சொல்லுங்கள். ஒரு தடவை போனபின் பல் தேய்த்து, பாயை விரித்து, பிறகு இன்னொரு தடவை. முதல் தடவையில் மீந்தது வெளியேறிவிடும்.

குளிர் காலத்தில் கூடுதலாக நனைக்கிறதே?

உண்மைதான். குளிரில் வியர்வை குறைவு, உடம்பு அந்த நீரையும் சிறுநீராகத்தான் வெளியேற்றும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாதத்தில் அங்கே புல்லில் உறைபனி விழுகிற இரவுகளும் உண்டு. காலுக்கு மேஸும் கம்பளியும் கொடுங்கள். நாம் குளிருக்காகவே கூடுதல் தேத்தண்ணி கொடுப்பதையும் நினைவில் வையுங்கள்.

நடுராத்திரியில் எழுப்பி ஒன்றுக்கு விடலாமா?

விடலாம். அன்றைய பாய் காயும், பழக்கம் மாறாது. தூங்கிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனால், தூக்கத்தில் ஒன்றுக்குப் போவதைத்தான் நாம் பழக்குகிறோம். விருந்தாளிகள் வந்த நாள், பயண நாள் என்று தேவைப்படும்போது செய்யுங்கள். அப்போதும் முழுதாக விழிக்கச் செய்து, பெயரைக் கேட்டு, பதில் வந்தபின் கூட்டிப்போங்கள். நீங்கள் விடிய நாலரைக்கு எழும்ப வேண்டியவர். உங்கள் தூக்கத்தைத் தினமும் உடைத்துக்கொள்ளாதீர்கள்.

மழைக் காலத்தில் மெத்தை காய்வதே இல்லை. என்ன செய்வது?

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை நம் பக்கத்தில் வெயிலைக் காண்பதே அபூர்வம். ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்கு மார்கழி, தையில் அதே கதை. நனைந்த பஞ்சு மெத்தை அந்த மாதங்களில் காயாது, பூஞ்சை பிடிக்கும், இருமல் இருக்கிற வீட்டில் அது இன்னொரு தொல்லை. ஆகவே மெத்தையை நனைய விடாமல் பார்ப்பதுதான் வழி.

நகரத்து ஹாட்வெயார் கடையில் தடித்த பொலித்தீன் அல்லது ரெக்சின் மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். மலைக்குக் கட்டிப்போகும் படங்கையோ உர பேக்கையோ விரிக்காதீர்கள், மருந்தும் உரமும் பட்ட பொருள் பிள்ளையின் தோலில் படக் கூடாது. ரெக்சினை மெத்தைமேல் விரித்து, ஓரங்களை அடியில் மடித்து இறுக்கமாகச் செருகுங்கள். அதற்குமேல் நாலாக மடித்த பழைய நூல் சேலை. அதன்மேல் இன்னொரு பொலித்தீன், அதன்மேல் இன்னொரு சேலை. இரவில் நனைந்தால் மேலே இருக்கிற இரண்டையும் சுருட்டி எடுத்துவிட்டால் கீழே காய்ந்த படுக்கை தயார். விளக்குப் போட வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், மற்றப் பிள்ளைகள் எழும்ப மாட்டார்கள். மாற்றுக் காற்சட்டை ஒன்று தலையணைக்குக் கீழே இருக்கட்டும். மாதக் கணக்கில் என் வீட்டில் நிம்மதியைக் கொடுத்தது இந்த இரட்டைப் படுக்கைதான்.

ஈரச் சேலையை உடனே வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து வைத்தால் வாடை ஏறாது. மெத்தையில் ஏற்கெனவே வாடை இருந்தால் வினாகிரியில் தண்ணீர் கலந்து துடைத்து, அப்பச்சோடாவைத் தூவி, காய்ந்தபின் தட்டிவிடுங்கள். பிள்ளையை விடியற்காலையில் ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் கழுவாதீர்கள். ஒரு செம்பு வெந்நீர் போதும். இடுப்பும் தொடையும் கழுவி, துடைத்து, தோல் சிவந்திருந்தால் கொஞ்சம் வாஸலின். வாடையோடு பள்ளிக்குப் போகிற பிள்ளை பக்கத்தில் உட்காருகிறவனை இழக்கும். அந்த ஒரு செம்பு வெந்நீருக்கு ஐந்து நிமிடம் முன்னால் எழும்பினேன்.

துணியைக் கொண்டுபோய்த் தொட்டியில் போடுவதைப் பிள்ளையே செய்யலாம். தண்டனையாகச் சொல்லாமல், வீட்டு வேலையில் ஒன்றாகச் சொல்லுங்கள்.

ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம். அக்காவும் அண்ணனும் கேலி செய்கிறார்கள்.

கேலி செய்கிற பிள்ளையும் ஈரத்தில் விழித்த பிள்ளைதான். அவர்களை ஏசுவதற்கு முன் அந்தச் சங்கடத்தைக் கேளுங்கள். முடிந்தால் நனைக்கிற பிள்ளையை ஓரத்தில், வாளிக்குப் பக்கத்தில் படுக்க வையுங்கள். பிறகு ஒரு சட்டம்: இந்த விஷயம் இந்தச் சுவரைத் தாண்டாது. லயத்துச் சுவர் மெல்லிசு, காலையில் நீங்கள் போடுகிற ஒரு சத்தம் தொங்கல் (கடைசி) காம்பரா வரைக்கும் போகும். அதனால் முதலில் சத்தத்தைக் குறைக்க வேண்டியது நாம்தான்.

இரண்டு வருடம் நனைக்காமல் இருந்தாள். இப்போது திரும்ப ஆரம்பித்துவிட்டாள்.

ஆறு மாதத்துக்கு மேல் நின்றிருந்து திரும்ப வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். தேட வேண்டும்.

கூடுதலாகத் தண்ணீர் கேட்கிறாளா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறாளா, மெலிகிறாளா, சோர்ந்து கிடக்கிறாளா? அப்படியானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பிள்ளைகளுக்கும் நீரிழிவு வரும். சீனி வருத்தம் பெரியவர்களுக்குத்தான் என்று நினைத்துத் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்திருந்தால் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி என்றால் சிறுநீர்க் கிருமித் தொற்றாக இருக்கலாம், சிறுநீரைச் சோதிக்க வேண்டும். ஆசனவாயில் அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். உரத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உடம்பில் எதுவும் இல்லையென்றால் மனதைப் பாருங்கள். புதுக் குழந்தை, அப்பாவின் குடி, வீட்டுச் சண்டை, புலமைப்பரிசில் வகுப்பின் நெருக்கடி. அம்மா வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போன வீடுகளில் இது தொடங்குவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். பாட்டி "ஒங்கம்மா கேட்டா என்ன நெனப்பா" என்று சொன்னால் பிள்ளை இன்னும் உடையும். அம்மா அழைக்கிற நாளையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமானது. யாரோ ஒருவரைக் கண்டால் பயப்படுகிறாள், ஒரு வீட்டுக்குப் போக மறுக்கிறாள், உடம்பில் வலி என்கிறாள் என்றால், யாராவது அவளைத் தொட்டுத் தொல்லை செய்திருக்கிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

எப்போது, எங்கே காட்ட வேண்டும்?

மேலே சொன்னவற்றில் ஏதாவது இருந்தால் உடனே. பகலிலும் நனைத்தாலோ, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, நடையில் மாற்றம் தெரிந்தாலோ தாமதிக்க வேண்டாம். வேறு எதுவும் இல்லாமல் இரவில் மட்டும் என்றால், 7 வயதளவில், அல்லது பிள்ளைக்கே அது பெரிய கவலையாகும்போது.

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ குடும்ப நல உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். 1, 4, 7, 10ஆம் தரங்களில் பள்ளிக்கூடத்தில் நடக்கும் மருத்துவப் பரிசோதனையும் ஒரு சந்தர்ப்பம். டிக்கோயா, நுவரெலியா, பதுளை ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசு கிடையாது. ஒரு நாள் பேர் போகும், அதுதான் செலவு.

போகுமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த இரவு நனைந்தது, எத்தனை மணிக்கு என்ன குடித்தது, எந்த நாள் வெளிக்குப் போனது. வைத்தியருக்கு இது பெரிய உதவி. ஒரு நிமிடத்தில் அனுப்பப் பார்த்தால் கொப்பியை விரித்துக் காட்டுங்கள்.

அலாரம், மாத்திரை என்கிறார்களே, அவை என்ன?

அலாரம் என்பது உள்ளாடையிலோ விரிப்பிலோ வைக்கும் சிறிய கருவி. முதல் துளி ஈரம் பட்டதும் சத்தம் போடும். பிள்ளை எழும்பி மீதியைப் போய்விட்டு வர வேண்டும். நாளடைவில் சத்தத்துக்கு முன்பே மூளை விழிக்கப் பழகும். ஒழுங்காகச் செய்கிற பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் இரண்டு மூன்று மாதமாகும். தொடர்ந்து 14 இரவுகள் காயும் வரை விடக் கூடாது. ஆரம்பத்தில் பிள்ளையைத் தவிர வீட்டிலுள்ள எல்லோரும் எழும்புவார்கள். ஒற்றைக் காம்பராவில் இது லேசான காரியமில்லை, பெரியவர் ஒருவர் கூட இருந்து பிள்ளையை எழுப்பியே ஆக வேண்டும். அதிர்கிற வகையும் உண்டு.

டெஸ்மோபிரெசின் என்ற மாத்திரை, நான் முன்னால் சொன்ன ஹார்மோனின் வேலையைச் செய்வது. வைத்தியர் சொன்னால் மட்டும். அதைப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் வரை பிள்ளை ஏறக்குறைய எதுவும் குடிக்கக் கூடாது. குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்புக்கூட வரலாம். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சல் உள்ள நாளில் கொடுக்காதீர்கள். போடுகிற வரை வேலை செய்யும், நிறுத்தினால் பல பிள்ளைகளுக்குத் திரும்ப வரும். பயண நாட்களுக்கு நல்ல துணை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்ததை வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். எள்ளுருண்டையும் கொடுக்கிறோம்.

எள்ளுருண்டை நல்ல தின்பண்டம், கொடுங்கள். கயிறு கட்டினால் பாட்டிக்கு நிம்மதி என்றால் கட்டுங்கள். இரண்டாலும் நனைப்பது நிற்காது. என்ன சேர்த்தது என்று தெரியாத கசாயமும் சூடு வைப்பதும் மட்டும் கூடவே கூடாது.

பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தலாமா?

காய்ந்த இரவுக்குக் கொடுக்காதீர்கள், அது பிள்ளையின் கையில் இல்லை. கையில் இருப்பதற்குக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலைப் பள்ளியில் முடித்தாயா, படுக்குமுன் இரண்டு தடவை போனாயா, துணியைத் தொட்டியில் போட்டாயா? ஒவ்வொன்றுக்கும் கலண்டரில் ஒரு நட்சத்திரம். நனைத்த நாளிலும் நட்சத்திரம் உண்டு என்பதை என் மகன் முதலில் நம்பவில்லை.

பள்ளிச் சுற்றுலா வருகிறது. இரவு தங்க வேண்டும். அனுப்பலாமா?

அனுப்புங்கள். கதிர்காமத்துக்கும் சிவனொளிபாத மலைக்கும் குடும்பத்தோடு போகும்போதும் இதே ஏற்பாடுதான். பெரிய பிள்ளைகளுக்கான பம்பர்ஸ் பாமசியில் கிடைக்கும், வெளியில் தெரியாதபடி ஒரு தளர்ந்த ட்ரக்சூட் மேலே. பையின் அடியில் மாற்றுடை இரண்டு, கறுப்புப் பை ஒன்று. பிள்ளைக்குப் பிடித்த ஒரு ஆசிரியரிடம் மட்டும், பிள்ளையின் சம்மதத்தோடு, விஷயத்தைச் சொல்லி வையுங்கள். மாத்திரை வைத்தியர் தந்திருந்தால் போகுமுன் ஒரு வாரமாவது வீட்டில் போட்டுப் பாருங்கள்.

நான் ஒரு தடவை அனுப்பவில்லை. அனுராதபுரத்துக்குப் போன பஸ் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் லயத்துக்குக் கீழே ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. அவன் விழித்துத்தான் இருந்தான், கம்பளியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான். அடுத்த வருடம் அந்தக் கறுப்புப் பையோடு அனுப்பினேன்.